சாகே ஊரில் பியருக்கு என்ன வேலை?

கேள்வி: 3 ஜூன் 2025

சிங்கப்பூரில் ஆந்தைப் படம் போட்ட ஜப்பான் பியர் குடித்தேன். சாகே என்கிற அரிசி மது போடும் இருநூறு வருஷ ஆலையின் தயாரிப்பு என்று மெனுவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சாகே வாசம் துளிகூட இல்லை. ஆரஞ்சுத் தோல், மல்லி விதை, லேசான புளிப்பு, அவ்வளவுதான். சாகே ஊர், சாகே பரம்பரை என்பதெல்லாம் விலையை ஏற்றுவதற்கு ஒட்டிய கதைதானே? ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

ஆந்தை என்றால் ஹிட்டாச்சினோ நெஸ்ட். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணத்தில் நாகா என்கிற ஊர். ஆலையின் பெயர் கியுச்சி ஷுஸோ. சாகே ஆலையாகத் தொடங்கியது 1823-ல், பியருக்கு வந்தது 1996-ல். நான் அதே மாகாணத்தில் சுகுபாவில் வேலை பார்க்கிறேன், ஆகையால் எனக்கு இது உள்ளூர்ச் சரக்கு. கான்டோ பகுதியிலேயே சாகே ஆலைகள் அதிகம் உள்ள மாகாணம் இதுதான் என்று இங்கே எல்லோரும் பெருமை பேசுவார்கள்.

நீங்கள் குடித்தது ஒயிட் ஏல். பெல்ஜியம் பாணி கோதுமை பியர். மல்லி விதை, ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய் எல்லாம் போடுகிறார்கள். அதில் போய் சாகேயைத் தேடினால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

லேபிளில் கொஞ்சம் கதை உண்டுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சாகேக்கும் பியருக்கும் உள்ள உறவு ருசி சம்பந்தப்பட்டதே அல்ல. காலண்டர் சம்பந்தப்பட்டது. தூக்கம் வருகிறது, மீதி அப்புறம்.

5 ஜூன்

சாகே குளிர்காலத் தொழில். அறுவடை முடிந்து புது அரிசி வந்ததும் ஆரம்பித்து, வசந்தம் வருவதற்குள் முடிக்க வேண்டும். 1673-ல் ஷோகுன் அரசாங்கம் குளிர்காலம் தவிர்த்த மற்ற மாதங்களில் சாகே போடுவதற்கே தடை போட்டது. அரிசி உணவுக்குப் போக மிச்சம்தான் மதுவுக்கு என்பது ஒரு காரணம். குளிரில் கெட்டுப்போகாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அப்புறம் சட்டம் போனாலும் பழக்கம் நிலைத்துவிட்டது.

ஆலை முதலாளி ஒருவர், சாகே போடுகிறவர் வேறொருவர். தலைமைக் கைக்கு தோஜி என்று பெயர். இவாத்தேயிலிருந்து நான்பு தோஜி, நீகாட்டாவிலிருந்து எச்சிகோ தோஜி, கோபே பக்கம் நாடா என்கிற சாகே ஊரின் ஆலைகளுக்கு தான்பா தோஜி என்று ஊர் வாரியாக வருவார்கள். எல்லோரும் விவசாயிகள். பனி கொட்டும் ஊரில் குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை. தோஜி தன் ஊர் ஆட்களை ஒரு குழுவாகக் கூட்டிக்கொண்டு வந்து, ஆலையிலேயே தங்கி, வேலையை முடித்துவிட்டு நடவுக்கு ஊர் திரும்புவார்.

அதன் பிறகு ஆலை எப்படி இருக்கும்? சீசன் முடிந்த குற்றாலம்தான். தொட்டிகள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும், குளிர்பதன அறையில் பாட்டில்கள் தூங்கும், ஒரு கணக்கப்பிள்ளை மட்டும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அதே ஆறு மாதத்தில்தான் ஜப்பான் முழுக்க வேர்த்துக்கொட்டி, ஆபீஸ் விட்டு வருகிறவன் எல்லாம் பியர் பியர் என்று ஓடுகிறான்.

இதைத்தான் காலண்டர் என்றேன்.

5 ஜூன், சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. சாகே விற்பனை 1973-ல் உச்சத்துக்குப் போனது, ஆண்டுக்கு 17 லட்சம் கிலோலிட்டருக்கு மேல். இப்போது அதில் கால் பங்கைச் சுற்றித்தான் ஓடுகிறது. குளிர்காலத்து வருமானம் வருஷம் முழுக்கத் தாங்கிய காலம் போய்விட்டது.

8 ஜூன்

"அப்படியென்றால் 1973-லிருந்தே பியர் போட்டிருக்கலாமே, ஏன் 1996 வரை தூங்கினார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் வரி அலுவலகத்தில் இருக்கிறது.

1994 வரை ஜப்பானில் பியர் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஆண்டுக்குக் குறைந்தது 2,000 கிலோலிட்டர் தயாரிக்க வேண்டும். ஜப்பானியப் பெரிய பாட்டில் 633 மில்லி. அந்தக் கணக்கில் 31 லட்சம் பாட்டிலுக்கு மேல். கிராமத்து சாகே ஆலை எங்கே போய் அவ்வளவு விற்கும்? அசாஹி, கிரின், சப்போரோ, சன்டோரி, ஒகினாவாவில் ஓரியன் என்று ஐந்து பெரிய கம்பெனிகள்தான். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது.

1994-ல் மதுவரிச் சட்டத்தைத் திருத்தி 2,000-ஐ 60 ஆக்கினார்கள். அறுபது கிலோலிட்டர் என்றால் 95 ஆயிரம் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சிறு ஆலை மூச்சுப் பிடித்தால் எட்டிவிடக்கூடிய எண்.

அந்த டிசம்பரிலேயே லைசென்ஸ் வாங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நீகாட்டாவின் எச்சிகோ பியர். நீகாட்டா சாகேயின் தலைநகரம் மாதிரியான இடம். எச்சிகோ பியரைத் தொடங்கியது அங்கிருந்த உயேஹாரா என்கிற சாகே ஆலை. 1995 பிப்ரவரியில் கடையைத் திறந்துவிட்டார்கள். பின்னாலேயே கியோட்டோ ஃபுஷிமியில் கிஸாகுரா, இதாமியில் கொனிஷி, இவாத்தேயில் செகினோஇச்சி, எல்லாம் சாகே ஆலைகள். 1996-ல் நம் ஆந்தை. கையில் பணம் இருந்த ஹோட்டல்காரர், ரயில்வே கம்பெனி என்று வேறு ஆட்களும் குதித்தார்கள். ஆனால் சாகே ஆலைகளுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. மதுவரி அதிகாரி அவர்களுக்குப் புது ஆள் இல்லை. எந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று எழுதி எழுதி அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். ஜப்பானில் மது ஆராய்ச்சி நிலையத்தையே வரித்துறைதான் வளர்த்தது. 1904-ல் நிதியமைச்சகத்தின் கீழ் தொடங்கி, 1995-ல் ஹிரோஷிமா பக்கம் ஸைஜோவுக்குப் போனது. ஸைஜோவும் சாகே ஊர்தான். தொட்டியில் என்ன நடக்கிறது என்று பாடம் எடுப்பவனும் வரி வாங்குகிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கிணறு, பாட்டில் கழுவும் இயந்திரம், குளிர்பதன அறை, மதுக்கடைகளுக்குப் போய்வரும் வண்டி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இல்லாதது பியர் போடத் தெரிந்த ஆள்.

9 ஜூன்

ஆள் இல்லாததன் பலன் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் தெரிந்தது. ஊருக்கு ஊர் பியர். கோயில் ஊரில் ஒன்று, வெந்நீர் ஊற்று ஊரில் ஒன்று. சுற்றுலாப் பயணி ஒரு பாட்டில் வாங்குவான், மறுபடி வாங்க மாட்டான். அந்த ரகத்தில் மிஞ்சியிருந்த ஒன்றை நானும் ஒரு மலை ஊர்ப் பரிசுக் கடையில் வாங்கினேன். வெயில் விழும் ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி நாற்றம். விலை சூப்பர் மார்க்கெட் பியரைப் போல இரண்டரை மடங்கு. நிறைய பேர் மூடிவிட்டுப் போனார்கள். நின்றவர்கள் ருசியால் நின்றார்கள், பரம்பரையால் இல்லை. கேள்வி கேட்டவருக்கு இதை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

12 ஜூன்

சும்மா ஒரு கிளைக்கதை.

கியுச்சி ஆலைக்குப் போக மிட்டோவில் சுய்குன் லைன் பிடிக்க வேண்டும். டீசல் ரயில், அடிக்கடி வராது. இறங்க வேண்டியது ஹிட்டாச்சி கோனோசு, வயல் நடுவே சின்ன ஸ்டேஷன். மிட்டோவுக்கு எதில் பெயர்? நாட்டோவில். வைக்கோலில் சுற்றிய நாட்டோ, இழுத்தால் நூல் நூலாக வரும் சோயா. ஸ்டேஷனிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

நான் ஊர்க்காரர்களுக்காக ஒரு கட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறேன். கூட வந்த ஜப்பானிய சக ஊழியர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாம் எங்கே போகிறோம் என்று நினைவிருக்கிறதா?" என்றார். சாகே ஆலையில் வேலை செய்பவர்கள் சீசனில் நாட்டோவைத் தொடமாட்டார்கள். அதிலிருக்கும் பாசில்லஸ் கிருமியின் வித்து சூட்டுக்கும் அசையாது. கோஜி அறைக்குள், அதாவது சாகேக்கான பூஞ்சையை அரிசியில் வளர்க்கும் அறைக்குள், அது புகுந்தால் அரிசியின் மேல் பூஞ்சை வளர்வதற்குப் பதில் இது வளர்ந்து பிசுபிசுத்துவிடும். பல ஆலைகளில் பார்வையாளரையும் காலையில் நாட்டோ சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள்.

கட்டு காயின் லாக்கருக்குப் போனது. சாயங்காலம் திரும்பி வந்து லாக்கரைத் திறந்தபோது பக்கத்து லாக்கர்காரர் இரண்டு அடி நகர்ந்து நின்றார்.

பியர் பக்கம் இந்தப் பயம் அவ்வளவு இல்லை. பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அந்த வகைக் கிருமியை அடக்கும், புளிப்பும் ஆல்கஹாலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பியர்காரனின் எதிரிகள் வேறு, சில லாக்டிக் பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும். ஒரே வளாகத்தில் இரண்டு தொழில், இரண்டு பயம்.

16 ஜூன்

"சாகேயும் அரிசி பியர்தானே? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டவருக்கு.

தானியத்திலிருந்து வருவதால் அப்படிச் சொல்வார்கள். வேலை முறையில் பெரிய வித்தியாசம் உண்டு.

பார்லியை முளைகட்டினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி அதுவாகவே உண்டாகிறது. அதைக் காயவைத்தால் மால்ட். இடித்து, 65 டிகிரி வாக்கில் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு மணி நேரத்தில் கஞ்சி இனித்துவிடும். வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

சாகே அரிசியில் தவிடும் இல்லை, முளையும் இல்லை, தீட்டித் தீட்டி உள் மணியை மட்டும் விட்டிருப்பார்கள். நொதி வெளியிலிருந்து வர வேண்டும். வேகவைத்த அரிசியில் கோஜிப் பூஞ்சையைத் தூவி இரண்டு நாள் வெதுவெதுப்பான அறையில் வளர்க்கிறார்கள். அந்தக் கோஜியும், மேலும் வேகவைத்த அரிசியும், தண்ணீரும், ஈஸ்ட்டும் ஒரே தொட்டியில். ஒரு பக்கம் சர்க்கரையாகிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் ஈஸ்ட் அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் நடப்பதால் சர்க்கரை எங்கும் குவியாது, ஈஸ்ட் திணறாது. தண்ணீர் கலக்கும் முன் 20 சதவீதம் வரை ஆல்கஹால் ஏறுவது அதனால்தான். பத்துப் பதினைந்து டிகிரிக்குள் பிடித்து வைத்து மூன்று நான்கு வாரம் ஓட்டுவார்கள்.

சாகே போட்ட கைக்கு பியரில் எது உதவும் என்றால் சுத்தமும் குளிரும். தொட்டியின் வெப்பநிலையில் ஒரு டிகிரி ஏறினால் அது ஏன் ஏறியது என்று இரவில் எழுந்து போய்ப் பார்க்கும் குணமும்தான். கொதிக்கவைப்பது, ஹாப்ஸ், காற்றழுத்தம் தாங்கும் தொட்டி, நுரை, இவை எல்லாம் புதிதாகக் கற்றுக்கொண்டவை.

17 ஜூன்

தண்ணீர்க் கதையை வேண்டுமென்றே விட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நாடாவில் மியாமிஸு என்கிற ஊற்று நீர் பிரசித்தம். 1840-ல் யாமாமுரா தாஸாயெமோன் என்கிற ஆலைக்காரர் தன் இரண்டு ஆலைகளில் ஒன்று மட்டும் ஏன் நன்றாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, ஆட்களை மாற்றிப் பார்த்து, கடைசியில் தண்ணீர் என்று கண்டுபிடித்தார். ஜப்பானில் அது கடினமான நீர், இரும்பு மிகக் குறைவு. இரும்பு இருந்தால் சாகே நிறம் மாறும். ஃபுஷிமி நீர் அதைவிட மென்மை. இதெல்லாம் சாகேக்கு உயிர்.

பியருக்கு? நல்ல கிணறு இருந்தால் சந்தோஷம். ஆனால் இன்றைய பியர்காரன் எந்தத் தண்ணீரையும் வடிகட்டி, வேண்டிய உப்பைப் போட்டு, ஒரு நாள் செக் நாட்டு பியர் ஊரான பில்சனின் தண்ணீராகவும் மறுநாள் இங்கிலாந்து பியர் ஊரான பர்ட்டனின் தண்ணீராகவும் மாற்றிவிடுவான். "அதே புனித ஊற்று நீரில் உருவான பியர்" என்று லேபிளில் பார்த்தால் பாதி நம்புங்கள்.

21 ஜூன்

நல்ல அடி ஒன்று விழுந்திருக்கிறது. காலண்டர் வாதத்தைக் கோவைக்காரர் ஒருவர் உடைக்கப் பார்க்கிறார். கெக்கேய்கான் என்கிற பெரிய சாகே ஆலை 1961-லேயே ஃபுஷிமியில் குளிரூட்டிய கட்டடம் கட்டி வருஷம் முழுக்க சாகே போட ஆரம்பித்துவிட்டது, நாடாவின் பெரிய ஆலைகளும் அப்படித்தான், அப்புறம் காலியான தொட்டி எங்கே என்கிறார்.

சரியான கேள்வி. அப்படியானால் காலண்டரை இரண்டாகப் பிரிக்கிறேன். பெரிய ஆலைக்குக் கோடை என்று ஒன்று கிடையாது. கிஸாகுரா போன்றவர்கள் பியருக்கு வந்தது தொட்டியை நிரப்ப அல்ல, வாசலை நிரப்ப. கப்பா கன்ட்ரி என்று ஒரு உணவகம், காட்சியகம், பியர், சாகே எல்லாம் ஒரே இடத்தில். கியோட்டோவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு கை. சாகேயை முகர்ந்துகூடப் பார்க்காத இளசுகள் பியருக்காக உள்ளே வந்து, கடையில் ஒரு குட்டி சாகே பாட்டிலோடு வெளியே போவார்கள்.

சிறிய ஆலைக்குக் காலியாக இருந்தது தொட்டி என்பதைவிட, கை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஊரிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வரும் தோஜிக் குழு என்கிற ஏற்பாடு கரைந்துவிட்டது. கிழவர்கள் ஓய்ந்தார்கள், பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போனார்கள். ஆகவே ஆலைகள் சொந்த ஊழியர்களை வைத்தே சாகே போட வேண்டிவந்தது. ஊழியன் என்றால் பன்னிரண்டு மாதச் சம்பளம். குளிர்காலத்தில் சாகே போட்டவனுக்கு ஜூலையில் என்ன வேலை கொடுப்பது? பாட்டிலில் லேபிள் ஒட்டச் சொல்லலாம், எத்தனை நாளுக்கு? கைத்தொழில் தெரிந்த ஒருவனை வருஷம் முழுக்கத் தொட்டியின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள பியர் ஒரு வழி.

என்னைக் கேட்டால் சாகே ஊர் பியரின் முழு ரகசியமும் இந்தச் சம்பளப் பட்டியல்தான். எந்த லேபிளிலும் இதைப் போடமாட்டார்கள்.

28 ஜூன்

அரிசி.

"அரிசி போட்ட பியர் இருக்கிறதே, அது சாகே பாரம்பரியம் இல்லையா?" மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

உலகத்தில் அரிசியை அதிகம் தின்னும் பியர் எது தெரியுமா? பட்வைசர் மாதிரியான அமெரிக்க லாகர் வகை பியர்கள். ஜப்பானில் அசாஹி சூப்பர் ட்ரை, 1987-லிருந்து. அதிலும் அரிசி உண்டு, சோளமும் உண்டு. அவர்கள் யாரும் சாகே பேர் சொல்லி விற்பதில்லை. அரிசி பியரை வெளிறச் செய்யும், வாயில் கனமில்லாமல் ஆக்கும், அவ்வளவுதான். எச்சிகோவின் கோஷிஹிகாரி பியர் சுத்தமாக, சாதுவாக இருக்கும். சூடான நாளில் எனக்குப் பிடிக்கும். கோஷிஹிகாரி சாப்பாட்டு அரிசி, சாகே அரிசி அல்ல என்பதையும் கவனியுங்கள்.

கியுச்சியின் ரெட் ரைஸ் ஏல் வேறு ரகம். பழங்காலச் சிவப்பரிசி, 7 சதவீத ஆல்கஹால், லேசான ரோஜா நிறம். சாகே பிடித்தவர்கள் இதில் எதையோ கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறுகிறது என்பது என் கட்சி.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும். நாகானோவில் யாமானோஉச்சி, குரங்குகள் வெந்நீரில் குளிக்கும் ஜிகொகுதானி பக்கம். தாமாமுரா ஹொன்தென் என்கிற 1805-ஆம் வருஷத்து ஆலை. 2004-ல் ஷிகா கோகென் பியரைத் தொடங்கினார்கள். அவர்கள் மியாமா நிஷிகி என்கிற நாகானோவின் சாகே அரிசியைத் தாங்களே பயிரிட்டு, அதை மியாமா பிளாண்ட் என்கிற பியரில் போடுகிறார்கள். ஹாப்ஸையும் சொந்தமாக வளர்க்கிறார்கள். கோடையில் வயலும் ஹாப்ஸ் கொடியும், குளிரில் சாகே, நடுவில் பியர். நான் மேலே கை, சம்பளம் என்று புலம்பியதற்கு நல்ல உதாரணம். அரிசி அங்கே ருசிக்கு மட்டும் இல்லை, அதை நட்டவனும் பியரைக் கலக்குபவனும் ஒரே ஆளாக இருக்கலாம்.

யுதானாகா வரை உள்ளூர் ரயிலில் போய், ஆலையின் பழைய கட்டடத்தில் நின்றபடி ருசி பார்த்தேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் வைக்கோல், மிளகு, பின்னால் கசப்பு. பெல்ஜியம் பாணியும் ஹாப்ஸும் சேர்ந்த வெளிர் பியர். அரிசி எங்கே என்றால், விழுங்கிய பிறகு வாய் சட்டென்று காய்கிறதே, அங்கே.

30 ஜூன்

அவசரத்தில் ஒரு சட்ட வேடிக்கை. ஒயிட் ஏல், வெளிநாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்கிய பியர், சொந்த நாட்டில் பல வருஷம் பியரே இல்லை. அப்போதைய சட்டப்படி மால்ட் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், அதோடு அரிசி, சோளம் மாதிரி அனுமதித்த பொருள்கள் மட்டும். மல்லி விதை போட்டாயா, ஹப்போஷு என்று லேபிள் ஒட்டு. ஹப்போஷு என்றால் மக்கள் மனதில் மலிவுச் சரக்கு. 2018 ஏப்ரலில்தான் மால்ட் அளவைப் பாதியாகக் குறைத்து, பழம், மசாலா எல்லாம் மால்ட் எடையில் 5 சதவீதம் வரை போடலாம் என்றார்கள்.

வரியாவது குறைவா என்றால், மால்ட் பாதிக்கு மேல் இருந்தால் பியர் வரிதான். பெயரும் போச்சு, காசும் போச்சு.

இதிலேயே ஒரு சந்து. ஹப்போஷு லைசென்ஸுக்கு ஆண்டுக்கு 6 கிலோலிட்டர் போதும். 60 எட்டாத குட்டி ஆலைகள் வேண்டுமென்றே ஏதாவது ஒரு பழத்தை அளவுக்கு மேல் போட்டு ஹப்போஷுவாக ஆரம்பிக்கும். நம் ஆட்கள் மட்டும்தான் சட்டத்தில் சந்து தேடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

6 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, சாகே ஆலை என்பதற்கு நாக்கில் ஒரு சாட்சி கூட இல்லையா?" என்கிறார். விடமாட்டீர்கள் போல. இருக்கிறது.

கியுச்சியின் ஜாப்பனீஸ் கிளாசிக் ஏல் என்று ஒன்று. ஐபிஏ என்கிற கசப்பு தூக்கலான வகை பியரை சுகி மரப் பீப்பாயில் வைத்து எடுப்பது. சாகேயை சுகிப் பீப்பாயில் வைப்பது ஜப்பானில் பழைய வழக்கம், கல்யாணத்தில் சுத்தியலால் மூடியை உடைப்பார்களே, அதே பீப்பாய். மூடியைத் திறந்ததும் முதலில் ஹாப்ஸ் இல்லை, மரம். அறுத்த பலகையின் ஈர வாசம், லேசான கற்பூரக் குளிர்ச்சி, அதற்குப் பின்னால் கருகிய சர்க்கரை, கடைசியில் கசப்பு. இரண்டாவது கோப்பையில் மரம் கொஞ்சம் அலுத்துவிடும். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்தால் சரியாக இருக்கும். உங்கள் ஊரில் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

7 ஜூலை

இன்னொரு சாட்சி, நாக்கில் இல்லை, துணிச்சலில்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் இபராக்கியும் ஆடிவிட்டது. சுனாமிச் செய்தியில் எங்கள் மாகாணம் பின்னால் போய்விட்டது, ஆனால் கரண்ட் போய், தண்ணீர் போய், சுவர் விழுந்து எல்லாம் நடந்தது. கியுச்சியில் அன்று ஒரு பியர் பாதி வேலையில் இருந்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. மால்ட் கூழ் தானாகவே லாக்டிக் புளிப்பு ஏறிவிட்டது. பியர்காரன் யாராக இருந்தாலும் சாக்கடையைத் திறந்துவிடுவான். இவர்கள் அதையே பியராக முடித்து '3 டேஸ்' என்று பெயர் வைத்து விற்றார்கள்.

இது என் ஊகம் என்று சொல்லிவிட்டே சொல்கிறேன்: சாகே வீட்டுக்காரனுக்கு லாக்டிக் புளிப்பு அந்நியம் இல்லை. பழைய கிமோதோ முறையில் முதலில் லாக்டிக் பாக்டீரியாவை வளரவிட்டு, அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளைத் துரத்திய பிறகுதான் ஈஸ்ட் ஆட்சிக்கு வரும். 1910 வாக்கில் லாக்டிக் அமிலத்தை நேரடியாக ஊற்றும் முறை வந்து அந்தச் சிரமத்தைக் குறைத்தது. புளிப்பைப் பார்த்ததும் கெட்டுவிட்டது என்று நினைக்காமல், முதலில் ஒரு சொட்டு நக்கிப் பார்க்கும் புத்தி எங்கிருந்து வந்திருக்கும்?

19 ஜூலை

வீட்டில் பியர் போடலாமா என்று கேட்டவருக்கு: ஜப்பானில் லைசென்ஸ் இல்லாமல் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் வந்தால் குற்றம். பியர் கிட் விற்பார்கள், வாங்கலாம், குறிப்பேட்டில் "ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தவும்" என்று எழுதியிருக்கும். யாரை ஏமாற்றுகிறார்களோ.

ஆனால் கியுச்சியில் கையால் பியர் போட ஒரு பட்டறை உண்டு. லைசென்ஸ் அவர்களுடையது, வியர்வை உங்களுடையது. ஆபீஸ் கூட்டத்தோடு போனேன். நிறம், கசப்பு, ஆல்கஹால் என்று ஒரு தாளில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கசப்பை ஏற்று ஏற்று என்று கடைசிக் கட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார். மால்ட்டை எடை போட்டு, இடித்து, கெட்டிலில் கொட்டி, நீளத் துடுப்பால் கிளற வேண்டும். முதல் பத்து நிமிஷம் விளையாட்டு, அப்புறம் தோள் கழன்றுவிடும். வடித்த பிறகு சக்கையை அள்ளிக் கெட்டிலைத் துடைப்பதும் நாம்தான். ஹாப்ஸ் போடும்போது எழும் ஆவி சட்டையில் ஒட்டிக்கொண்டு, திரும்பும் ரயிலில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புளிக்கவைப்பதும் பாட்டிலில் அடைப்பதும் அவர்கள் பொறுப்பு. சில வாரம் கழித்துப் பெட்டி வந்தது, நாங்கள் வரைந்த கேவலமான லேபிளோடு. வேப்பம்பூ ரசம் குடித்து வளர்ந்தவன் நான், எனக்கு ஓகே. மற்றவர்கள் மரியாதைக்குக் குடித்தார்கள்.

2 ஆகஸ்ட்

இந்த ஆலையின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. சாகே பிழிந்த சக்கையிலிருந்து ஷோசூ என்கிற காய்ச்சி வடித்த மதுவை வடிப்பது சாகே வீடுகளில் பழைய வழக்கம், எதையும் வீணாக்குவதில்லை. கியுச்சி அதையே பியருக்குச் செய்தது. ஒயிட் ஏலை வடித்து ஒரு மதுவாக்கி, அதில் உமே என்கிற ஜப்பானிய பிளம் காய்களை ஊறப்போட்டு ஒரு உமேஷு. நன்றாகவே இருக்கும், ஆரஞ்சும் மல்லியும் அடியில் நிற்கும்.

2020-ல் கொரோனாவில் உணவகங்கள் மூடி, பீப்பாய் பீப்பாயாகப் பியர் காலாவதியாகக் கிடந்தது. அனுப்புங்கள், ஜின்னாக வடித்துத் தருகிறோம் என்றார்கள். 100 லிட்டர் பியருக்கு 8 லிட்டர் ஜின். அதே வருஷம் மாகாணத்திலேயே யாஸாத்தோ என்ற இடத்தில் விஸ்கி ஆலையும் ஆரம்பித்தாயிற்று. சாகே, பியர், ஷோசூ, ஜின், விஸ்கி. இன்னும் இவர்களை சாகே ஆலை என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். குளிர்காலத்தில் போய் கோஜி அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். சாத்தியிருந்தால் உள்ளே கோஜி வளர்கிறது, சொல்லலாம்.

24 ஆகஸ்ட்

தனிச்செய்தியில் நிறைய பேர் விலை கேட்கிறார்கள். 2026 அக்டோபரிலிருந்து பியர், ஹப்போஷு எல்லாவற்றுக்கும் 350 மில்லிக்கு 54.25 யென் என்று ஒரே வரி. அதற்கு முன் பியருக்கு 63.35. ஒன்பது யென் மிச்சம். கிராஃப்ட் பியர் பாட்டில் விலையில் அது கண்ணுக்குத் தெரியாது, மால்ட்டும் கண்ணாடியும் லாரி வாடகையும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. மலிவு ஹப்போஷுவுக்குத்தான் அடி. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஆந்தைப் பக்கம் திரும்புவார்கள் என்று நீகாட்டா நண்பரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். அவர் ஒருவர்கூட இல்லை என்கிறார்.